பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது: 6, 7, 8 வகுப்புகளில் வாசிப்பை அளக்கும் வழி

ஏழாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பத்தியைப் படித்து விடை தருக’ பகுதியில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண். இந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரும் என்று எழுதிவிடலாமா? அதற்கு முன் இந்த வரியைப் பாருங்கள்.

கிம்பன் குரப்பில் மொளுக்கினான்.

கிம்பன் எங்கே மொளுக்கினான்? குரப்பில். குரப்பில் மொளுக்கியவன் யார்? கிம்பன். இரண்டுக்கு இரண்டு வாங்கிவிட்டீர்கள். கிம்பன் யார், குரப்பு எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, வரியை எழுதிய எனக்கும் தெரியாது. நம் பிள்ளைகளில் பலர் மூன்றாம் வகுப்பிலிருந்து இப்படித்தான் மதிப்பெண் வாங்கி வருகிறார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுவார்கள். அது கிடைத்த வரியை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். உருவம் பார்த்துப் பொருத்துகிற இந்தச் சாமர்த்தியத்தை நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் வகுப்பில் உண்டு. சரளமாக வாசிப்பாள், கதையைச் சுவையாகச் சொல்வாள். எழுதச் சொன்னால் கை ஓடாது. விடைத்தாளில் அவளுக்கு ஒன்றரை மதிப்பெண். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு இரண்டுக்குமான தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தாலும் முதல் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் இரண்டாவது பிள்ளைக்குத் தெரியும் என்பதும் நமக்குத் தெரிய வராது. தாள் காட்டுவது எழுத்தும் வாசிப்பும் நினைவாற்றலும் கலந்த ஒரு கூட்டுத்தொகை. வாசிப்பை மட்டும் தனியே அறிய வேண்டுமானால் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த இந்த வழியை நடுநிலை வகுப்புகளில் பெரும்பாலும் யாரும் பின்பற்றுவதில்லை. அதனால்தான் இந்த அத்தியாயம்.

‘ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குப் போய் வாசிப்புச் சோதனையா?’ என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பார்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் ஊரகப் பகுதிகளில் நடத்திவரும் அசர் ஆய்வைப் பாருங்கள். வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை என்று நான்கு படிகளில் வாசிக்கச் சொல்வார்கள். 2018இல் நாடு முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசித்தவர்கள் ஏறத்தாழ 73 விழுக்காடு. 2022இல் அது 70க்கும் சற்றுக் கீழே இறங்கியது. நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புக் கதையில் தடுக்கி நிற்கிறது. அந்தச் சோதனை தரை மட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கதையை வாசித்துவிட்ட பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் புரியுமா என்று அது கேட்பதில்லை.

நம் தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 2025இல் ஆறாம் வகுப்புக்கு வந்தது. அ, ஆ எழுதிப் பழக வேண்டிய காலத்தில் அது வீட்டில் இருந்தது. உயிர்மெய் வரிசை எங்கேயாவது ஓட்டையாக இருந்தால் அதை மந்தபுத்தி என்று எழுதிவிடாதீர்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் முடியாது. ஒரு நாளைக்கு நான்கு பேர் என்று வைத்தால் பத்து வேலை நாளில் முடிந்துவிடும். மற்றவர்கள் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் இருபது நிமிடம் போதும். வராண்டாவில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து வாசிக்கச் சொல்லக் கூடாது. ஆசிரியர் அறையும் வேண்டாம், அங்கே எந்தப் பிள்ளைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பதின்மூன்று வயதில் வாசிக்கத் தெரியாமல் இருப்பது பிள்ளைக்குப் பெரிய மானப் பிரச்சினை. மறைப்பதற்கு ஆயிரம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கும். ‘தொண்டை கட்டிக்கிச்சுங்க மிஸ்’, ‘புக்கு கொண்டு வரலைங்க’. ஒருவன் தன் முறை வரும் நாளில் எல்லாம் தண்ணீர்க் குடம் தூக்கப் போய்விடுவான். வகுப்பிலேயே பொறுப்பான பையன் என்று நான் அவனைப் பல மாதம் மெச்சிக்கொண்டிருந்தேன்.

யாரிடம் முதலில் உட்காருவது என்று முடிவு செய்ய வகுப்பு முழுவதற்கும் ஒரு சல்லடை போடலாம். 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் எழுதிக் காட்டிய வழி இது. பழக்கமில்லாத ஒரு பத்தியை எடுத்து, முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, அதன்பின் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் நீக்கிக் கோடு போடுங்கள். பிள்ளை நிரப்பட்டும். தமிழில் வேற்றுமையும் காலமும் பாலும் சொல்லின் வாலிலேயே ஒட்டியிருப்பதால் நாம் நினைத்த அதே சொல் வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ‘வந்தாள்’ இருந்த இடத்தில் ‘நடந்தாள்’ வந்தால் சரி. ‘வந்தான்’ என்று வந்தால், அது யாரைப் பற்றிய பத்தி என்பதையே பிள்ளை பிடித்துக்கொள்ளவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழைக்கு இங்கே மதிப்பெண் குறைக்க வேண்டாம். பாதிக்கு மேல் வெற்றிடம் விட்டவர்களிடம் முதல் வாரமே உட்காருங்கள்.

எந்தப் பத்தி?

பாடநூல் பத்தி வேண்டாம். ஒரு பையனிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மணி அடித்தாற்போல் வாசித்தான். பாதியில் மின்விசிறிக் காற்றுக்குப் பக்கம் புரண்டுவிட்டது. அவன் வாசிப்பு நிற்கவில்லை. வேறு பாடத்தின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பழைய பாடத்தின் கடைசி வரிவரை சொல்லி முடித்தான். பக்கத்து வீட்டு அக்கா வாசித்ததைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருந்தான். அந்த நினைவாற்றலுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை வேறு. வாசிப்புக் கணக்கில் அது சேராது.

நீங்களே எழுதுங்கள். நான் கொங்குப் பக்கப் பள்ளிகளில் பயன்படுத்த எழுதிக்கொண்ட ஒன்று:

பொன்னி ஆடு மேய்க்கப் போனாள். மதியம் வெயில் கடுமையாக இருந்தது. ஆடுகள் புளியமரத்து நிழலில் படுத்தன. பொன்னியும் தூக்குப்போசியைத் திறந்தாள். அப்போது காற்றில் மண்வாசனை வந்தது. அவள் சாப்பிடாமலே போசியை மூடினாள். ஆடுகளை எழுப்பி வீட்டுப் பக்கம் ஓட்டினாள். ஊர் எல்லையைத் தொடுமுன் முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது.

மொத்தம் 36 சொற்கள். மதுரைப் பக்கமானால் போசியைச் சட்டியாக்கிக்கொள்ளுங்கள். ‘மழை’ என்ற சொல் பத்தியில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.

ஆறாம் வகுப்பில் தொடங்க இந்த அளவு போதும். இதைத் தாண்டியவர்களுக்கு 100 முதல் 150 சொல்லில் ஒரு தகவல் கட்டுரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு உலகத்தைப் பற்றியதாக இருக்கட்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் 64 நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரிந்திருந்ததால், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசிப்பாளர்’களைவிட நன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். நம் ஊரில் ஆடு மேய்த்த பிள்ளைக்கு மண்வாசனை வந்ததுமே பாதி விடை தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைக்குத் தெரியாது. ஒரே ஒரு பத்தியை வைத்து முடிவு கட்டினால் நீங்கள் அளந்தது வாசிப்பையா, பிழைப்பையா என்று சொல்ல முடியாது.

கேட்கும்போது எதைக் குறிப்பது?

பத்தியின் இன்னொரு படி உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை மாற்றி வாசித்த சொல்லை அதன் தலைக்கு மேல், வாசித்தபடியே எழுதுங்கள். விட்ட சொல்லுக்குக் குறுக்குக் கோடு. நீங்கள் எடுத்துக்கொடுத்தால் ‘உ’. பிள்ளை தானே திரும்பி வந்து சரிசெய்தால் ‘தி’. அவ்வளவுதான். இடையில் புகுந்து திருத்தாதீர்கள். நமக்கு இதுதான் கைவராத காரியம். முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறக்கும். மனசுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு, அதன்பிறகே எடுத்துக்கொடுங்கள்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மேலே உள்ள பத்தியை வாசித்ததில் நான்கு இடம் மாறியது. ‘கடுமையாக’ என்பது ‘கொடுமையாக’ ஆயிற்று. ‘படுத்தன’ என்பது ‘படுத்தது’. ‘எழுப்பி’ என்பது ‘எழும்பி’. ‘ஓட்டினாள்’ என்பது ‘ஓடினாள்’. இவ்வகைக் குறிப்புமுறையைப் பரப்பிய நியூசிலாந்தின் மேரி கிளே சொன்ன அளவுகோல்படி, 95 விழுக்காடும் அதற்கு மேலும் சரியாக வாசித்தால் அந்தப் பத்தி பிள்ளைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு கற்கத் தக்கது. 90க்குக் கீழே போனால் கடினம். நம் பையன் 36இல் 32, அதாவது 89 விழுக்காடு. ‘கடினம்’ என்ற பெட்டியில் விழுகிறான்.

ஆனால் அந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? வெயில் கொடுமையாக இருந்தது என்று நாமே பேசுகிறோம். அவன் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறான். ‘ஆடுங்க படுத்துச்சு’ என்பது அவன் வீட்டுத் தமிழ். எழுத்துத் தமிழின் பன்மை விகுதியை வாய் தன் வழக்குக்கு மாற்றிக்கொண்டது, அவ்வளவே. இந்த இரண்டையும் கழித்தால் 94 விழுக்காடு. மற்ற இரண்டும் வேறு வகை. ‘ஆடுகளை எழும்பி வீட்டுப் பக்கம் ஓடினாள்’ என்று வாசித்துவிட்டு அவன் நிற்கவே இல்லை. ஒற்றை விழுங்கியதில் ஓட்டியவள் ஓடியவளாகிவிட்டாள், வாக்கியமும் குலைந்துவிட்டது, அது அவன் காதில் உறுத்தவில்லை. அதே நாளில் ஒரு பெண் அதே இடத்தில் ‘ஓடினாள்’ என்றாள். நிறுத்தினாள். ‘ஆடுகளை… ஓடினாளா?’ என்று முணுமுணுத்துத் திரும்பி வந்து ‘ஓட்டினாள்’ என்றாள். அவள் தாளில் ஒரு ‘தி’. வாசிக்கும்போதே தான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை அவள்.

இந்தப் பிரிவினையை 1960களில் அமெரிக்காவில் கென்னத் குட்மன் தொடங்கி வைத்தார். பிள்ளை மாற்றி வாசிப்பதைப் பிழை என்றே அவர் சொல்ல மாட்டார், அதற்கென்று வேறு பெயர் வைத்தார். சூழலை வைத்து ஊகிப்பதுதான் நல்ல வாசிப்பு என்ற அவருடைய கோட்பாட்டைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. நல்ல வாசிப்பாளர்கள் எழுத்தை எழுத்தாகவே பார்க்கிறார்கள். அவருடைய குறிப்பேட்டு வழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. தென் மாவட்டங்களில் பலர் நாவில் ‘ழ’ என்பது ‘ள’ ஆகத்தான் ஒலிக்கும். பிள்ளை ‘பளம்’ என்று வாசித்தால், பழத்தைச் சுட்டிக்காட்டிப் பேசச் சொல்லுங்கள். பேச்சிலும் ‘பளம்’ என்றால் அது நாவின் வழக்கு, கணக்கில் சேர்க்காதீர்கள். கொம்பு வரும் எழுத்துகளில் நிஜமான தடுமாற்றம் இருக்கும். ‘கொ’ என்பதை இடமிருந்து வலமாகப் பார்க்கும் பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, பின்னால் வரும் காலைப் பார்த்துத் திகைக்கும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறும். துணைக்கால் ‘ர’ ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி கண்ணில் படாது. எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பெயர் சொல்லி எழுதிவைத்தால் மறுநாள் என்ன கற்பிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. எல்லா எழுத்திலும் தடுமாறினால் முதலில் கண் பார்வையைச் சோதிக்க அனுப்புங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்துக்கென்று நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பட்டியல்கள் உண்டு. அவற்றைத் தமிழுக்கு அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள். ‘வந்துகொண்டிருந்தபோது’ என்பது நமக்கு ஒரு சொல். பிள்ளையின் இன்றைய வேகத்தை அதே பிள்ளையின் ஆறு வாரத்துக்கு முந்தைய வேகத்தோடு ஒப்பிட்டால் போதும். அதைவிடச் செவிக்கு உடனே தெரிவது, மூச்சை எங்கே விடுகிறது என்பது. ‘புளிய, மரத்துநிழ, லில்’ என்று வெட்டினால் பிள்ளை அசை அசையாகத் தூக்கிச் சுமக்கிறது. ‘புளியமரத்து நிழலில்’ என்று ஒரே மூச்சில் வந்தால் சுமை இறங்கிவிட்டது.

புரிந்ததா?

‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் புரியவில்லை என்று சொன்னதில்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டு, ‘என்ன நடந்துச்சுன்னு சொல்லு கண்ணு’ என்று கேளுங்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லட்டும். ‘போனாங்கன்னு சொல்லாதே, போனாள்னு சொல்லு’ என்று நடுவில் புகுந்தால் கதை அங்கேயே நின்றுவிடும்.

அதன்பின் மூன்று கேள்வி. ஆடுகள் எங்கே படுத்தன? இதற்குப் பெரும்பாலும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், கிம்பன் கேள்விதான் இது. பொன்னி ஏன் சாப்பிடாமல் போசியை மூடினாள்? இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். மண்வாசனையையும் கடைசி வரித் துளியையும் முடிச்சுப் போட்ட பிள்ளை, ‘மழ வருமில்லைங்க மிஸ்’ என்று, இதைப் போய்க் கேட்கிறார்களே என்ற முகத்தோடு சொல்லும். முடிச்சுப் போடாத பிள்ளை ‘பசிக்கலைங்க’ என்றோ ‘சாப்பாடு கெட்டுப்போச்சுங்க’ என்றோ சொல்லும். மூன்றாவது கேள்வி: நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? இதற்கு மதிப்பெண் கிடையாது. பத்திக்குள் நின்று பேசுகிறதா, வெளியே நிற்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு பெண், ‘அவ சாப்ட்டுட்டே நடந்திருக்கலாமுங்க, ஆட்டுக்கு வழி தெரியும்’ என்றாள். அதைவிட நல்ல விடையை நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

விடை வரவில்லை என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டபோது புரிந்தால், பிள்ளைக்கு மொழி இருக்கிறது, எழுத்துதான் தடை. கேட்டும் புரியாவிட்டால் எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை. சொல்லும் உலக அறிவும் சேர வேண்டும். 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதினார்கள்: எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வாசிப்பு. இரண்டில் எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். திருப்பூரில் ஒடியாவோ இந்தியோ பேசும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளை ஆறே மாதத்தில் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கடகடவென்று வாசிக்கும், ஆனால் ஒன்றும் புரிந்திருக்காது. உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி ஒரு வரி வாசிக்கத் திணறுவாள், கேட்டால் கதையை நமக்கே திருத்திச் சொல்வாள். இரண்டு பேருக்கும் விடைத்தாளில் அதே இரண்டு மதிப்பெண். இருவரையும் ஒரே குறைதீர் வகுப்பில் உட்கார வைத்து உயிர்மெய் எழுதச் சொல்வது வீண்வேலை.

பல மாதம் முயன்றும், கேட்டுப் புரிந்துகொள்ளும் அறிவு நன்றாக இருந்தும், எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளை இருந்தால் நீங்களாகப் பெயர் சூட்டாதீர்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் உங்கள் குறிப்புத் தாள்களோடு அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. முறைப்படி சான்று பெற்றால் அந்தப் பிள்ளை சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.

மற்ற பாட ஆசிரியர்களுக்கு

வாசிப்பு தமிழாசிரியர் தலையில் மட்டும் விடியும் காரியம் அல்ல. கணக்குப் பாடத்தில் இப்படி ஒன்று: ‘ஒரு கூடையில் 48 மாம்பழங்கள் இருந்தன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு அழுகிவிட்டது. மீதம் எத்தனை?’ பாதி வகுப்பு 16 என்று எழுதியது. வகுத்தல் எல்லோருக்கும் சரி. கடைசி இரண்டு சொல்லை அவர்கள் வாசிக்கவில்லை. பேனாவைத் தொடுமுன் கணக்கை வாயால் சொல்லச் சொன்னபோது பெரும்பாலோர் தாங்களே 32க்கு வந்துவிட்டார்கள். அறிவியல் ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தையும் அட்டவணையையும் காட்டி, ‘இது உனக்கு என்ன சொல்லுது?’ என்று நான்கு பேரைக் கேட்டாலே போதும்.

குறிப்பேடு

பிள்ளைக்கு ஒரு பக்கம். எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்றுங்கள், அது வேறு கணக்கு. இந்தக் குறிப்பேடு உங்களுக்கு. விழுக்காட்டைவிட இரண்டு வரி நல்லது: ‘ஒற்றை விடுகிறாள். கொம்பு சரி. கேட்டால் முழுக்கப் புரிகிறது. அண்ணனின் கிரிக்கெட் செய்தி வாசிப்பாளாம்.’ கடைசி வரிதான் அடுத்து என்ன பத்தி கொடுப்பது என்று உங்களுக்குச் சொல்லும். ஆறு வாரம் கழித்து மறுபடி உட்காரும்போது பழைய பக்கத்தைப் பிள்ளைக்கே காட்டலாம். தலைக்கு மேல் எழுதிய சொற்கள் குறைந்திருப்பதை அது தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒரே தரத்தில் மூன்று நான்கு பத்தியாவது எழுதி மாற்றி மாற்றிக் கொடுங்கள். பொன்னி பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நான் போன முதல் பள்ளியில், நான்காவதாக வந்த பையன் நாற்காலியில் உட்காரும்போதே, தாளை வாங்குவதற்கு முன்பே சொன்னான்: ‘மழைங்க மிஸ்.’